லினக்ஸ் டிரைவரில் செட்டிங்குகளைக் குறைப்பது எப்படி: ரப்பர் கடைத் தராசை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

குலசேகரம், மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் ரப்பர் எடுக்கும் ஒரு கடையை எண்ணிக்கொள்ளுங்கள். மேசைக்கு அடியில் ஒரு சின்ன லினக்ஸ் போர்டு. அதில் இரண்டு தராசு: ஒன்றில் உலர்ந்த ஷீட் கட்டு ஏறும், மற்றதில் ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய ரப்பர்) சாக்கு ஏறும். இரண்டிலும் எடையை மின்குறியாக்கும் லோட் செல்லுக்குப் பின்னால், அந்தக் குறியை எண்ணாக்கும் எச்எக்ஸ்711 சிப். ஒட்டுப்பால் தராசுக்காகக் கெயினை, அதாவது சிப் அந்தக் குறியைப் பெருக்கும் மடங்கை, 128-இலிருந்து 64-க்கு மாற்றுகிறீர்கள். ஷீட் தராசிலும் எடை பாதியாக இறங்கி நிற்கிறது.

லோட் செல்லில் கோளாறு இல்லை. சிப்பைப் படிக்கும் கெர்னல் நிரலான டிரைவரில் கெயின் ஒரு மாட்யூல் பாராமீட்டராக இருக்கிறது, அவ்வளவுதான். மாட்யூல் பாராமீட்டர் என்பது மாட்யூல் முழுவதற்கும் பொதுவான ஒரே ஒரு மாறி. எத்தனை தராசு மாட்டினாலும் எல்லாம் அந்த ஒரே எண்ணைத்தான் படிக்கும்.

இந்த வழிகாட்டி டிரைவர் நிரலைக் கையில் வைத்திருப்பவர்களுக்கானது. சி மொழியும் கெர்னல் மாட்யூல் கட்டும் முறையும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறோம். நிரலில் வரும் பெயர்களைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி தந்திருக்கிறோம்; எடிட்டரில் அவற்றின் வழக்கமான எழுத்துகளிலேயே அடிக்க வேண்டும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: எச்எக்ஸ்711-க்குக் கெர்னலில் சென்சார்களுக்கான ஐஐஓ பிரிவில் ஏற்கெனவே ஒரு டிரைவர் இருக்கிறது. அது போதுமென்றால் சொந்த டிரைவரைத் தூக்கிப்போட்டு அதை எடுத்துக்கொள்வதே ஆகச் சிறந்த எளிமை. அது முடியாதவர்களுக்கு, அல்லது வேறு சிப்புக்கு இதே சிக்கலில் மாட்டியிருப்பவர்களுக்கு, கீழே உள்ளது.

முதல் படி: எண்ணுங்கள்

நிரலைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் எல்லாச் செட்டிங்கையும் எழுதுங்கள். 'மோட்இன்ஃபோ -பி ரப்பர்எடை' என்று கொடுத்தால் மாட்யூல் பாராமீட்டர்கள் வரும். மீதியை 'க்ரெப்' கொண்டு தேட வேண்டும்: 'டிவைஸ்_ஆட்ர்', 'ப்ராப்பர்ட்டி_ரீட்', 'ஐஓசிடிஎல்', 'கான்ஃபிக்_' ஆகிய நான்கு சொற்களைத் தேடினால் பெரும்பாலும் எல்லாம் அகப்பட்டுவிடும். நாம் எடுத்துக்கொள்ளும் டிரைவரில் பதினொன்று இருக்கின்றன:

டேட்டா கால் எண், க்ளாக் கால் எண், கெயின், மின்னழுத்தம், டீபக் அளவு, மறுமுயற்சி எண்ணிக்கை — இந்த ஆறும் மாட்யூல் பாராமீட்டர். வேகம், க்ளாக் துடிப்பின் அகலம் — இவை இரண்டும் கேகான்ஃபிக், அதாவது கெர்னல் கட்டும்போதே முடிவாகிவிடும். டேர் (வெறும் தராசுக்குக் கழிக்கும் எண்), கிலோவாக மாற்றும் பெருக்கெண் — சிஸ்எஃப்எஸ், அதாவது ஓடும்போதே கோப்பாகப் படித்து எழுதும் வழி. சராசரிக்கு எத்தனை மாதிரி (ஒரு முறை படித்த எண்) — ஐஓசிடிஎல், அதாவது மேலே ஓடும் நிரல் டிரைவருக்கு நேரே அனுப்பும் கட்டளை. இதில் கெயின் மட்டும் பாராமீட்டரிலும் சிஸ்எஃப்எஸ்ஸிலும் இரண்டு இடத்தில் இருக்கிறது. எது ஜெயிக்கும் என்பது எந்த நிரல் வரி கடைசியில் ஓடியது என்பதைப் பொறுத்தது. குழப்பத்தின் பாதி இங்கேதான் பிறக்கிறது.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று கேள்விக்கு விடை எழுதுங்கள். இதை யார் முடிவு செய்கிறார்? எப்போது மாறும்? இரண்டு தராசுக்கும் ஒன்றா, வேறு வேறா? இந்த மூன்று விடையும் எழுதியாகிவிட்டால் செட்டிங் எங்கே போக வேண்டும் என்பது தானாக விளங்கும். போர்டு செய்தவர் முடிவு செய்து, அதன் பிறகு மாறாதது டிவைஸ் ட்ரீக்கு, அதாவது போர்டில் எது எங்கே என்று கெர்னலுக்குச் சொல்லும் விவரக் கோப்புக்கு. ஓடிக்கொண்டிருக்கும்போது கடைக்காரரோ மெக்கானிக்கோ மாற்றுவது சிஸ்எஃப்எஸ்ஸுக்கு. கெர்னலுக்குத் தேவையே இல்லாதது யூசர் ஸ்பேஸுக்கு, அதாவது கெர்னலுக்கு மேலே ஓடும் சாதாரண நிரலுக்கு. யாருமே மாற்றாதது நிரலுக்குள் ஒரு மாறிலியாக.

இரண்டாம் படி: அழிப்பதிலிருந்து தொடங்குங்கள்

இடம் மாற்றும் வேலையை முதலில் எடுத்தால், தேவையில்லாததையும் சுமந்துகொண்டு போவீர்கள். அதனால் முதலில் கத்தரிக்கோல்.

மறுமுயற்சி எண்ணிக்கையை யாராவது எங்காவது மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். நிறுவல் ஸ்கிரிப்டுகளிலும் '/ஈடிசி/மோட்ப்ரோப்.டி' அடைவிலும் தேடுங்கள். ஒருவரும் தொடவில்லை என்றால் 3 என்று நிரலில் எழுதிவிட்டு நகருங்கள்.

டீபக் அளவு டிரைவரின் வேலையே அல்ல. 'டெவ்_டிபிஜி' என்று எழுதினால் டைனமிக் டீபக் வழியாகக் கெர்னலே அதை மாட்யூல் வாரியாக, வரி வாரியாகத் திறக்கவும் மூடவும் விடுகிறது. '/ப்ராக்/டைனமிக்_டீபக்/கன்ட்ரோல்' கோப்பில் 'மாட்யூல் ரப்பர்எடை +பி' என்று எழுதினால் போதும். அதற்குக் கெர்னலில் டைனமிக் டீபக் வசதி சேர்த்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

க்ளாக் துடிப்பின் அகலம் சிப்பின் தரவுத்தாளிலேயே முடிவாகிவிட்டது: மேலே நிற்கும் நேரம் குறைந்தது 0.2 மைக்ரோ வினாடி, வழக்கமாக 1, அதிகபட்சம் 50. 1 மைக்ரோ வினாடி என்று எழுதுங்கள். இதைப் பயனர் கையில் கொடுப்பதில் ஆபத்தும் இருக்கிறது: க்ளாக் 60 மைக்ரோ வினாடிக்கு மேல் உயர்ந்தே நின்றால் சிப் உறங்கப் போய்விடும்.

வேகத்தின் கதை கொஞ்சம் சுவையானது. சிப்பின் ரேட் கால் தாழ்ந்திருந்தால் வினாடிக்கு 10 மாதிரி, உயர்ந்திருந்தால் 80. டிரைவருக்கு இது எதற்குத் தேவைப்பட்டது? சிப் நிலைபெறக் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிட. 10 வேகத்தில் 400 மில்லி வினாடி, 80 வேகத்தில் 50 மில்லி வினாடி. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: 10 முறை 0.4 என்பது 4, 80 முறை 0.05 என்பதும் 4. நேரமாக எண்ணியதால்தான் வேகம் தெரிய வேண்டியிருந்தது. மாதிரியாக எண்ணினால், எந்த வேகமானாலும் முதல் நான்கு மாதிரியைத் தள்ளிவிட்டால் முடிந்தது. டேட்டா கால் தாழும்வரை காத்திருந்து படிக்கும் டிரைவருக்கு வேகம் என்று ஒரு செட்டிங்கே வேண்டாம். ஒரு செட்டிங்கை நல்ல இடத்துக்கு மாற்றுவதைவிட, அது ஏன் பிறந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது பல நேரம் கூடுதல் பலன் தரும்.

பதினொன்றில் நான்கு போயிற்று.

மூன்றாம் படி: கிலோவைக் கெர்னலுக்கு வெளியே அனுப்புங்கள்

டேர், கிலோ பெருக்கெண், சராசரி எண்ணிக்கை மூன்றும் கணக்கு வேலை. வன்பொருளுக்கு இவை தெரியாது. கெர்னலுக்குள் மிதவைப் புள்ளிக் கணக்கும் போட முடியாது என்பதால் பெருக்கெண்ணை ஆயிரத்தால் பெருக்கி, பிறகு வகுத்து என்று நிரல் தேவையில்லாமல் முறுக்கிக்கொள்ளும். டிரைவர் 24 பிட் மூல எண்ணைக் கொடுக்கட்டும். எடையாக்குவது மேலே ஓடும் நிரலின் பொறுப்பு.

எல்லைப் பகுதிக் கடைகளுக்கு இதில் கூடுதல் காரணம் உண்டு. முத்திரை வைத்த தராசின் அளவீட்டைக் கண்டபடி மாற்றக் கூடாது. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், எடை அளவைச் சோதனை தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. அந்தப் பக்கம் கேரளத்தின் சட்டமுறை அளவியல் துறை. எந்த அதிகாரி வந்து கேட்டாலும், பெருக்கெண் எந்தக் கோப்பில் இருக்கிறது, யாருக்கு எழுத அனுமதி இருக்கிறது என்று காட்ட முடிய வேண்டும். ரூட் அனுமதி உள்ள எந்த ஸ்கிரிப்டும் 'எக்கோ' போட்டு மாற்றிவிடக்கூடிய சிஸ்எஃப்எஸ் கோப்பில் அதை வைப்பது நல்லதல்ல.

ஐஓசிடிஎல் இத்தோடு முற்றிலும் ஒழிந்தது.

நான்காம் படி: போர்டு சொல்வதை டிவைஸ் ட்ரீயில் எழுதுங்கள்

மிச்சம் நான்கு. அதில் மூன்று, போர்டின் கம்பி இணைப்பைச் சொல்பவை: டேட்டா கால், க்ளாக் கால், மின்னழுத்தம்.

தராசு-0 {
  கம்பாட்டிபிள் = "கடை,ரப்பர்எடை";
  டிஅவுட்-ஜிபிஐஓஸ் = <&ஜிபிஐஓ 5 0>;
  எஸ்சிகே-ஜிபிஐஓஸ் = <&ஜிபிஐஓ 6 0>;
  ஏவிடிடி-சப்ளை = <&விசிசி_5வி>;
};

இரண்டாவது தராசுக்கு 'தராசு-1' என்று இன்னொரு கணு. ஒவ்வொரு கணுவுக்கும் ப்ரோப், அதாவது கருவியைக் கண்டதும் ஓடும் டிரைவரின் தொடக்க ஃபங்ஷன், தனித்தனியாக ஓடும். ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்ட்ரக்ட். தொடக்கத்தில் பார்த்த 'ஒன்றை மாற்றினால் இரண்டும் மாறுகிறது' என்ற சிக்கலின் வேர் இங்கே அறுகிறது.

ப்ரோப்பின் தலையில் 'ரப்பர்எடை_செட்டிங்_படி' என்று ஒரே ஒரு ஃபங்ஷன் வையுங்கள். எல்லாவற்றையும் படிப்பது, சரிபார்ப்பது, ஸ்ட்ரக்டில் போடுவது மூன்றும் அதற்குள். வன்பொருளில் ஒரு காலைக்கூட அசைப்பதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும். பாதி சிப்பை எழுப்பிய பிறகு தவறான எண் கண்ணில் பட்டால், திரும்பிப் போகும் பாதை சிக்கலாகும்.

இதில் விழக்கூடிய குழிகள்:

'டெவ்எம்_ஜிபிஐஓடி_கெட்' அழைக்கும்போது பெயராக 'டிஅவுட்' என்று மட்டும் கொடுங்கள். '-ஜிபிஐஓஸ்' என்ற வாலைக் கெர்னலே ஒட்டிக்கொள்ளும். முழுப் பெயரையும் கொடுத்தால் 'டிஅவுட்-ஜிபிஐஓஸ்-ஜிபிஐஓஸ்' என்று தேடிப்போய், இல்லை என்று திரும்பும்.

கால்களை இயக்கும் ஜிபிஐஓ டிரைவரோ மின்னழுத்தம் தரும் ரெகுலேட்டர் டிரைவரோ இன்னும் ஏறியிருக்காவிட்டால் '-ஈப்ரோப்_டிஃபர்' வரும். அது பிழை அல்ல, 'பிறகு வா' என்பதுதான். அதை '-ஈஐஎன்வால்' (தவறான மதிப்பு என்ற பிழைக் குறியீடு) ஆக மாற்றித் திருப்பினால் கெர்னல் இரண்டாம் முறை முயலாது. ஒரு முறை ஓடும், மறுமுறை ஓடாது என்ற தலைவலி வரும். 'டெவ்_எர்_ப்ரோப்' பயன்படுத்தினால் இந்தக் குறியீட்டை அப்படியே மேலே அனுப்பி, பதிவில் தேவையில்லாத பிழைச் செய்தியையும் தவிர்த்துவிடும்.

ஏவிடிடி வரியை எழுத மறந்தால் 'டெவ்எம்_ரெகுலேட்டர்_கெட்' கோபித்துக்கொள்ளாது. ஒரு போலி ரெகுலேட்டரைத் தந்துவிடும். பிறகு மின்னழுத்தம் கேட்கும்போது எதிர்ம எண் திரும்பும். அதைச் சோதிக்காமல் கணக்கில் போட்டால் எடை தலைகீழாக வரும்.

உங்கள் டிரைவரில் வேறு எண் வகைப் பண்புகள் இருந்தால் 'டிவைஸ்_ப்ராப்பர்ட்டி_ரீட்_யூ32' கொண்டு படியுங்கள். டிவைஸ் ட்ரீ, பிசிகளில் அதன் இடத்தில் வரும் ஏசிபிஐ இரண்டிலும் அது ஓடும். படிக்க முடியாவிட்டால் அது மாறியைத் தொடாது. எனவே மாறியில் முன்னிருப்பு எண்ணை முதலில் போட்டுவிட்டு அழைக்கலாம். ஆனால் திரும்பும் குறியீட்டைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். பண்பு இல்லை என்றால் '-ஈஐஎன்வால்'. பண்பு இருந்து மதிப்பு இல்லை என்றால் '-ஈநோடேட்டா'. அளவு பொருந்தவில்லை என்றால் '-ஈஓவர்ஃப்ளோ'. முதலாவதற்கு முன்னிருப்பு எண் போதும். மற்ற இரண்டும் ட்ரீ எழுதியவரின் தவறு; ப்ரோப்பை நிறுத்திச் சொல்லிவிடுவதே அவருக்குச் செய்யும் உதவி.

எண் சிறியதுதானே என்று 'யூ8' வகையில் படிக்க வேண்டாம். ட்ரீயில் <5> என்று எழுதினால் அது 32 பிட், பெரிய பைட் முதலில். 'யூ8' முதல் பைட்டை மட்டும் எடுக்கும், அது 0. பிழைக் குறியீடும் வராது. 5 எழுதினோம், 0 வருகிறது, ஏனென்று விளங்காமல் ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

ஐந்தாம் படி: கெயின், ஒரே ஒரு சிஸ்எஃப்எஸ் கோப்பு

மிச்சமிருப்பது கெயின் மட்டும். அதை மாற்றும் வழி சிப்பில் விசித்திரமானது. தனிப் பதிவேடு கிடையாது. 24 பிட்டையும் படித்த பிறகு க்ளாக்கில் இன்னும் ஒரு துடிப்பு கொடுத்தால், அதாவது மொத்தம் 25, ஏ சேனலில் கெயின் 128. 26 என்றால் பி சேனல், 32. 27 என்றால் ஏ சேனல், 64. இந்தத் தேர்வு அடுத்த மாதிரிக்குத்தான் பொருந்தும். இப்போது கையில் வந்த எண் பழைய கெயினில் எடுத்தது.

ஆகவே 'ஸ்டோர்' ஃபங்ஷன் இந்த வரிசையில் போக வேண்டும். 'கேஎஸ்டிஆர்டுயூஇன்ட்' கொண்டு எண்ணைப் படியுங்கள்; அடிமானம் 10 என்று கொடுங்கள். 0 கொடுத்தால் '0128' போன்றவற்றை எண்மத்தில் படிக்கப் பார்க்கும். 'எக்கோ' சேர்க்கும் கடைசி வரிமுறிவை இந்த ஃபங்ஷனே பொறுத்துக்கொள்ளும். நீங்கள் வெட்ட வேண்டாம். எண் 128 அல்லது 64 இல்லையென்றால் உடனே '-ஈஐஎன்வால்'. சரியென்றால் மியூடெக்ஸை (ஒரே நேரத்தில் இருவர் தொடாமல் காக்கும் பூட்டு) பூட்டுங்கள், ஸ்ட்ரக்டில் துடிப்பு எண்ணிக்கையை மாற்றுங்கள், ஒருமுறை படித்து வந்ததை எறியுங்கள், அதில்தான் புதிய கெயின் சிப்பில் ஏறுகிறது, பிறகு நான்கு மாதிரி தள்ளுங்கள், பூட்டைத் திறங்கள். கடைசியில் 'கவுன்ட்' மதிப்பைத் திருப்புங்கள். தவறி 0 திருப்பினால், எழுதும் நிரல் எதுவும் எழுதப்படவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி எழுதிக்கொண்டே இருக்கும், ஷெல் தொங்கும்.

படிக்கும் 'ஷோ' ஃபங்ஷனில் 'ஸ்ப்ரின்ட்எஃப்' வேண்டாம், கெர்னல் 5.10 முதல் 'சிஸ்எஃப்எஸ்_எமிட்' இருக்கிறது. ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு என்பதையும் விடாதீர்கள். 'கெயின்=64 சேனல்=ஏ' என்று ஒரே கோப்பில் அடுக்கினால் அதைப் பிரித்துப் படிக்கும் வேலை எல்லார் தலையிலும் விழும்.

கோப்பை ப்ரோப்புக்குள் 'சிஸ்எஃப்எஸ்_க்ரியேட்_ஃபைல்' போட்டு உருவாக்குவதை விட்டுவிட்டு, டிரைவர் ஸ்ட்ரக்டின் 'டெவ்_க்ரூப்ஸ்' புலத்தில் கொடுங்கள். உருவாக்குவதும் நீக்குவதும் கெர்னல் கைக்குப் போய்விடும்.

சிப்பின் கெயினை நிலைநாட்டும் வரிகள் ஒரே ஃபங்ஷனில் இருக்கட்டும். ப்ரோப், ஸ்டோர், ரிஸ்யூம் (போர்டு உறங்கி எழும்போது ஓடுவது) மூன்றும் அதையே அழைக்க வேண்டும். ரிஸ்யூமை மறப்பவர்கள் அதிகம்: மின்சாரம் போய் வந்தாலோ உறங்கி எழுந்தாலோ சிப் தானாக ஏ சேனல், 128-க்குத் திரும்பிவிடும். டிரைவரோ 64 என்று நம்பிக்கொண்டிருக்கும்.

இதே கோளாறு ஓடும்போதே ஒரு மாதிரிக்கு மட்டும் வருவதுண்டு. க்ளாக் உயர்ந்திருக்கும் நேரத்தில் ஓர் இன்டரப்ட் புகுந்து 60 மைக்ரோ வினாடியைத் தாண்டிவிட்டால் சிப் உறங்கி, க்ளாக் இறங்கியதும் 128-இல் எழும். அடுத்த மாதிரி ஒன்று மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்காக வரும், அதற்கடுத்தது சரியாகிவிடும். திரையில் 20 கிலோ, 20 கிலோ, 40 கிலோ, 20 கிலோ என்று ஓடினால் கெயினில் கை வைக்காதீர்கள்; துடிப்பின் உயர்ந்த பகுதியைச் சுற்றி 'லோக்கல்_ஐஆர்க்யூ_சேவ்' இருக்கிறதா என்று பாருங்கள். இதைச் சராசரி எண்ணிக்கையைக் கூட்டி மறைப்பது தவறு. விற்க வந்தவரின் எடையில் அது போய்ச் சேரும்.

ஆறாம் படி: பழைய பெயர்களை மெல்ல விடைகொடுத்து அனுப்புங்கள்

மாட்யூல் பாராமீட்டரை நீக்கிவிட்டால், பழைய 'ஆப்ஷன்ஸ் ரப்பர்எடை கெயின்=64' வரி இருக்கும் போர்டுகளில் மாட்யூல் ஏறத்தான் செய்யும். தெரியாத பாராமீட்டரைக் கெர்னல் ஒரு எச்சரிக்கையோடு ஒதுக்கிவிடும், அவ்வளவுதான். சத்தமில்லாமல் கெயின் 128 ஆகும். அதனால் ஓரிரு வெளியீடுகளுக்குப் பழைய பாராமீட்டரை, அனுமதி 0444 என்று, படிக்க மட்டுமாக வைத்திருங்கள். ப்ரோப்பில் அது தரப்பட்டிருந்தால் அந்த எண்ணைத் தொடக்க மதிப்பாக எடுத்துக்கொண்டு, 'இது போகப்போகிறது, சிஸ்எஃப்எஸ் கோப்பைப் பயன்படுத்தவும்' என்று ஒருமுறை பதிவில் எழுதுங்கள். 0644 வேண்டாம்: அதில் எழுதினால் மாறிதான் மாறும், டிரைவருக்குச் செய்தி போகாது. மாட்யூல் இனிட்ராம்எஃப்எஸ்ஸிலிருந்து (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) ஏறும் போர்டாக இருந்தால், மோட்ப்ரோப் கோப்பைத் திருத்திய பின் அதையும் புதிதாகக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் பழைய வரியே உள்ளே உட்கார்ந்திருக்கும்.

சிஸ்எஃப்எஸ்ஸில் எழுதியது ரீபூட்டில் போய்விடும். குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் இடியும் உண்டு. மின்சாரம் போய் வருவது புதிதல்ல. கருவி வந்ததும் கெயினைத் திரும்ப எழுதும் யூடெவ் விதி ஒன்று எழுதுங்கள். அதில் நிகழ்வாக 'ஆட்' என்று போடாமல் 'பைண்ட்' என்று போட வேண்டும். 'ஆட்' வரும் நேரத்தில் டிரைவர் கருவியோடு ஒட்டியிருக்காது. கெயின் கோப்பே பிறந்திருக்காது. 'டெவ்_க்ரூப்ஸ்' கோப்புகள் உருவான பிறகுதான் 'பைண்ட்' வரும்.

ஏழாம் படி: சோதனை

இரண்டு தராசிலும் 5 கிலோ எடைக்கல் வையுங்கள். ஒன்றின் கெயினை மட்டும் மாற்றி, மற்றதன் மூல எண் அசையவில்லை என்று பாருங்கள். கெயின் கோப்பில் 63, -1, 'அஆஇ' என்று எழுதிப்பாருங்கள்; மூன்றுக்கும் '-ஈஐஎன்வால்' வர வேண்டும், 99999999999-க்கு '-ஈரேஞ்ச்' (எல்லை மீறிய எண்). ஒவ்வொரு தவறான எழுத்துக்குப் பிறகும் பழைய கெயின் அப்படியே இருக்கிறதா என்று படித்துப் பார்ப்பதை விடாதீர்கள். சரிபார்ப்பதற்கு முன்பே ஸ்ட்ரக்டில் எழுதிவிடும் பிழை அப்போதுதான் அகப்படும்.

பூட்டுப் பிழைகளைப் பிடிக்கும் 'ப்ரூவ்_லாக்கிங்' சேர்த்துக் கட்டிய கெர்னலில், ஒரு ஷெல்லில் 64-ஐயும் 128-ஐயும் மாறி மாறி எழுதும் சுழற்சி, இன்னொன்றில் படிக்கும் சுழற்சி, பத்து நிமிடம் ஓட விடுங்கள். அது ஓடும்போதே 'அன்பைண்ட்' கோப்பில் தராசின் பெயரை எழுதிக் கழற்றி, 'பைண்ட்' செய்து மாட்டுங்கள். கெர்னல் பதிவில் ஒரு வரி எச்சரிக்கைகூட வரக் கூடாது. டிவைஸ் ட்ரீக்கு யாமல் பைண்டிங் (எந்தப் பண்பு எப்படி இருக்க வேண்டும் என்ற விதிக் கோப்பு) எழுதி, அதை 'மேக் டிடி_பைண்டிங்_செக்' கொண்டும் ட்ரீயை 'மேக் டிடிபிஎஸ்_செக்' கொண்டும் ஓட்டினால் பெயர் தவறுகள் போர்டுக்குப் போகும் முன்பே தெரியும்.

இப்போது மறுபடி 'மோட்இன்ஃபோ -பி' கொடுத்தால் விடைபெறக் காத்திருக்கும் கெயின் மட்டும் வரும். அடுத்த வெளியீடுகளில் அதையும் எடுத்துவிட்டால் ட்ரீயில் மூன்று வரி, சிஸ்எஃப்எஸ்ஸில் ஒரு கோப்பு.